கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம்

எங்க ஊருப் பள்ளிக்கூடம் ஒரு வியாழக்கெழம மத்தியானம், ஊரே பந்தியில உக்காந்து பாயசத்த வழிச்சுக்கிட்டு இருக்கையில, எந்திரிச்சு கண்மாக்கரை வழியா நாவல்வலசைக்குப் போயிருச்சு. போனத யாரும் தடுக்கல. தட்டு மாத்தி, கெட்டிமேளம் கொட்டி, அரிசி போட்டு ஆசீர்வாதம் பண்ணின பெறகு பொண்ணு ராகுகாலத்துக்கு முந்திப் புருசன் வீட்டுக்குக் கெளம்புறது வழக்கந்தானே, அதுல தடுக்க என்ன இருக்கு. பந்தியில என் பக்கத்துல உக்காந்திருந்த போசு அண்ணன் தலையத் தூக்கிப் பாத்துட்டு, "கெளம்பிருச்சு போல"ன்னாரு. "ஆமா, கெளம்பிருச்சு"ன்னேன். அப்பறம் ரசம் வந்துச்சு.

நான் பஞ்சவர்ணம். கூத்தனேந்தல்ல வாக்கப்பட்டவ. என் ஓரகத்தி சேதுராக்கு அக்காவும் நானும்தான் அந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு ஆக்குறது. பெத்தவங்க குழுவுக்கு அக்காதான் தலைவி. தலைவின்னா பெரிய பவுசுன்னு நெனைக்காதீங்க, தண்ணித் தொட்டிய யாரு கழுவுறதுன்னு ஆம்பளைக வாயப் பாத்துக்கிட்டு நிக்கையில வாளியத் தூக்கிக்கிட்டுப் போறவதான் தலைவி. ரெண்டு வகுப்பறை, ஒரு தாழ்வாரம், ஒரு கொடிக்கம்பம், தள்ளி ஒரு சமையக்கட்டு, அதுக்கும் தள்ளி ஒரு கக்கூசு, ஒரே டீச்சரு, பத்துக்கும் கொறஞ்ச பிள்ளைக, அவ்வளவுதான் எங்க பள்ளிக்கூடம். மிச்சப் பிள்ளைகளெல்லாம் டவுனுக்கு வேன்ல போயி டை கட்டிக்கிட்டு இருக்கு.

அக்காவப் பத்திச் சொல்லிப்புடுறேன், சொல்லாட்டி மத்தது வெளங்காது. அக்காவுக்கு ஒரே மக, நிலவரசி. ரெண்டு வருசத்துக்கு முந்தி, மூணாப்பு படிக்கையில காய்ச்சல் வந்து, மூளைக்கு ஏறி, பெரியாஸ்பத்திரியில வச்சே போயிருச்சு. எடுத்துக்கிட்டு வந்த அன்னைக்கு அக்கா அழுகல. சுத்தி நின்ன பொம்பளைகளுக்கும் அழுகை வரல, பெத்தவளே கல்லு கணக்கா உக்காந்திருக்கையில நாம எப்படி ஒப்பாரி வைக்கிறதுன்னு மாராப்ப வாயில அமுக்கிக்கிட்டு நின்னோம். அடுத்த திங்கக்கெழம விடியக்காலையில நான் சமையக்கட்டுக்குப் போறேன், அக்கா எனக்கு முந்தி வந்து உப்புமாக் கிண்டிக்கிட்டு இருக்கு. கொதிக்கிற சட்டிய வெறுங்கையில தூக்கி எறக்குது. "யக்கா, கை!"ன்னு கத்துனேன். "கை மரத்துப் போச்சுடி"ன்னுச்சு. கை மட்டுமா மரத்துச்சு? அன்னையிலருந்து ஊருல ஒருத்தரும் அக்கா காதுபட 'செத்துப்போச்சு'ங்கிற சொல்லையே சொல்றதில்ல. ஆடு செத்தாக்கூட 'ஆடு இல்ல'ன்னுதான் சொல்லுவோம். அவ வீட்டுக்காரரு, அதான் என் வீட்டுக்காரருக்கு மூத்தவரு, திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனவரு தீபாவளிக்கு மட்டும் வந்து ஒரு மூலையில உக்காந்து பீடி குடிச்சிட்டுப் போவாரு. இப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஊரும் அக்காவும்.

அப்பத்தான் பள்ளிக்கூடத்த மூடப் போறாங்கன்னு ஒரு பேச்சு கெளம்புச்சு. பிள்ளைக கம்மியாம், பக்கத்து ஊரோட சேக்கப் போறாங்களாம். ஜெசிந்தா டீச்சரு, பாவம், கன்னியாகுமரிப் பக்கத்துக்காரி, தாழ்வாரத்துல நின்னு எங்ககிட்ட, "நீங்கல்லாம் சேர்ந்து ஒரு கல்விச் சீர் நடத்தினா, இந்தப் பள்ளிக்கு ஆளு இருக்குன்னு மேல உள்ளவங்களுக்குத் தெரியும்"ன்னாங்க. எங்க பக்கத்துல அது உண்டு. பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய சாமானையெல்லாம் வீட்டுக்கு வீடு ஒண்ணு வாங்கி, தாம்பாளத்துல வச்சு, மேளதாளத்தோட, தாய்மாமன் சீர் கொண்டு போற மாதிரி ஊர்வலமாக் கொண்டு போயி எறக்குவோம். அக்காதான், "நடத்திருவோம்"ன்னுச்சு. ரெண்டு வருசத்துல அவ தானா ஒண்ண நடத்துவோம்னு சொன்னது அதுதான்.

சொன்னது மட்டுமில்ல, எறங்கி வேலை பாத்துச்சு. கருவேல முள்ள வெட்டுனது அக்கா. மைதானத்துப் பள்ளத்துக்கு மண்ணு சொமந்தது அக்கா. வெள்ளையடிக்க ஏணி மேல ஏறுனது அக்கா. ஏணியப் பிடிச்சுக்கிட்டு, மேல பாத்துக்கிட்டு, 'அங்கன ஒரு எடம் விட்டுப்போச்சு மதினி'ன்னு சொன்னது எங்க ஊரு ஆம்பளைக. சுத்துச்சுவருக்குச் செங்கல் பத்தலன்னு நாவல்வலசைக்காரங்ககிட்ட கேட்டோம். கண்மாய்க்கு அந்தாண்ட செங்கச் சூளையில வேலை பாக்க வந்து குடிசை போட்ட ஊரு அது. வீட்டுக்கு நாலு அஞ்சு பிள்ளைக, பள்ளிக்கூடம் கெடையாது, பிள்ளைக பொழுதுக்கும் சுடாத பச்சைக் கல்லப் பொரட்டிப் போட்டுக்கிட்டு இருக்கும். கேட்ட ஒடனே வண்டியில கல்லு அனுப்பி வச்சாங்க, காசு வேணாமுன்னுட்டாங்க. அவங்க பெரிய ஆளு பெரியகருப்பு, "பள்ளிக்கொடத்துக்குத் தானே, எடுத்துக்கங்க"ன்னாரு. சரின்னு சீருக்கு வாங்கன்னு முறையா அழைச்சோம்.

சீரு அன்னைக்குப் புள்ளையாரு கோயில்லருந்து பொறப்பட்டோம். அடி ஆத்தி, அப்படி ஒரு கூட்டத்த அந்தப் பள்ளிக்கூடம் பாத்திருக்காது. நாற்காலியத் தலைகீழாத் தலையில கவுத்துக்கிட்டு ஒரு கூட்டம், மஞ்சளும் குங்குமமும் வச்ச ஃபேன ஆளுக்கொரு றெக்கையப் பிடிச்சுக்கிட்டு ஒரு கூட்டம், உலக உருண்டைய இடுப்புல வச்சுக்கிட்டு ஒருத்தி, சாக்பீசு டப்பாவ வெத்தலை பாக்கோட தாம்பாளத்துல வச்சு ஒருத்தி, பின்னால டிராக்டருல இரும்புப் பீரோவு நிக்க, அது சாயாம போசு அண்ணன் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மாப்பிள்ளைத் தோழன் கணக்கா வாராரு. எங் கையில ஒரு சுவர்க்கடிகாரம். எல்லாருக்கும் பின்னால அக்கா வந்துச்சு. தலையில பித்தளை அண்டா, இடுப்புல குடம், அதுக்குள்ள குத்துவெளக்கு.

பொட்டப் பிள்ள பொறந்த அன்னையிலருந்து பாத்திரச் சீட்டுப் போட்டு ஒண்ணொண்ணா எடுத்துச் சேத்து வைப்போம்ல, கட்டிக்கொடுக்கையில கொடுக்க. அந்தப் பாத்திரம் அது. கழுத்துல நிலவரசி பேரு வெட்டியிருந்துச்சு. பள்ளிக்கூடத்துக்கு எதுக்குக் குத்துவெளக்கு, அண்டாவ வச்சு டீச்சரு என்ன பண்ணுவாங்கன்னு யாராச்சும் கேட்டிருக்கலாம். கேட்டா அந்தப் பேச்சு வரும். அதனால எல்லாரும் கொஞ்சம் நகந்து வழி விட்டோம்.

வாசல்ல வந்து எறக்குற நேரம் நாவல்வலசைக்காரங்க வந்து சேந்தாங்க. சீருக்கு வெறுங்கையா வரக்கூடாதுன்னு பெரியகருப்பு பொஞ்சாதி லச்சுமாயி ஒரு தட்டுல தேங்கா, பழம், பூவு, மஞ்சக்கெழங்கு எல்லாம் வச்சுக் கொண்டாந்திருந்துச்சு. அக்கா அந்தத் தட்ட வாங்கிக்கிட்டு, வாங்குனவ சும்மா அனுப்பக்கூடாதுன்னு எறக்கி வச்சிருந்த சீர்த் தட்டு ஒண்ண எடுத்து லச்சுமாயி கையில கொடுத்துச்சு. தட்டு மாறுனதக் கண்ட மேளக்காரன், ஆயிரம் கல்யாணத்துல அடிச்ச கை, தன்னால கெட்டிமேளம் கொட்டிப்புட்டான். கெட்டிமேளம் கேட்ட ஒடனே கூட்டத்துல இருந்தவங்க கை தன்னால தாம்பாளத்து அரிசிய அள்ளிப் போட்டுருச்சு. வாசப்படியில, கதவுல, புது வெள்ளையில எல்லாம் மஞ்ச அரிசி. ஜெசிந்தா டீச்சரு இதுதான் இந்த ஊரு மொறை போலன்னு கும்பிட்டுக்கிட்டு நின்னாங்க. யாரக் குத்தம் சொல்றது?

அப்பறந்தான் நான் மொதல்ல சொன்னது. சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், பள்ளிக்கூடம் படிக்கட்டக் கொசுவம் மாதிரி லேசாத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சு, வேப்ப மரத்தச் சுத்தி வந்து, பீரோவு, ஃபேனு, அண்டா, குடம் அம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டு, கண்மாக்கரையில ஏறி நடந்துச்சு. கொடிக்கம்பம் கூடவே போச்சு. சமையக்கட்டும் கக்கூசும் பொறந்த வீட்டோட நின்னுக்கிச்சு. அக்கா பந்தியில பரிமாறிக்கிட்டு இருந்தவ, கரண்டிய வச்சிட்டு நிமுந்து பாத்துச்சு. பாத்துட்டுத் திரும்பவும் குனிஞ்சு அடுத்த எலைக்குக் கூட்டு வச்சுச்சு.

மறுநாளு ஆம்பளைகளுக்கு ரோசம் வந்துருச்சு. டிராக்டரு, கயிறு, கடப்பாரை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போயி இழுத்துக்கிட்டு வாரோம்னு போனாங்க. போன எடத்துல லச்சுமாயி, "வாங்க சம்மந்தி, வெயில்ல வந்திருக்கீக"ன்னு கலரு சோடா வாங்கிக் கொடுத்திருக்கு. குடிச்சிட்டாங்க. தண்ணி குடிச்ச வீட்டுல எப்படிக் கயிறு போட்டு இழுக்குறது? பொழுசாயத் திரும்பி வந்தவங்ககிட்ட என்ன ஆச்சுன்னு கேட்டா, போசு அண்ணன் துண்ட ஒதறிக்கிட்டு, "நல்லா வச்சிருக்காங்க. மேடான எடம். தண்ணி நிக்காது"ன்னாரு. த்தூ, இதுக்கு டிராக்டரு வேற.

பள்ளிக்கூட ஆபீசுலருந்து ஒரு அதிகாரி வந்தாரு. வெறும் தரைய ரொம்ப நேரம் பாத்தாரு. "டிரான்ஸ்ஃபர் ஆர்டர் இல்லாம எப்படிப் போச்சு?"ன்னு டீச்சரக் கேட்டாரு. "கல்யாணம் ஆகிப் போச்சு சார்"னாங்க டீச்சரு. அதிகாரி கொஞ்சம் யோசிச்சு, "அப்போ அது குடும்ப விஷயம்"னு சொல்லி, எங்க சமையக்கட்டுல ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போனாரு. டீச்சரும் தினம் சைக்கிள்ல கண்மாக்கரை வழியா வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க. எங்க பிள்ளைகளும் சோத்துத் தூக்கோட பின்னால போச்சுக. அங்க அதுக பொண்ணு வீட்டுப் பிள்ளைகளாம், மொத வரிசையில உக்கார வச்சாங்களாம், மத்தியானம் முட்டையில பெருசாப் பாத்து வப்பாங்களாம். நாவல்வலசைப் பிள்ளைக அம்புட்டும், எல்லாத்துக்கும் தலையில செம்மண்ணு, தாழ்வாரம் கொள்ளாம உக்காந்து அ, ஆ படிக்கிறதாச் சொன்னாங்க.

கொஞ்ச நாள்லயே சம்மந்தி வீட்டுச் சண்டை ஆரம்பிச்சுருச்சு. ஒரு ஃபேனு கடகடங்குதுன்னு அங்கயிருந்து ஆள் வந்துச்சு. பீரோவு சின்னதுன்னு ஒரு பேச்சு. "எங்க வீட்டுப் பொண்ணு செவுத்துல செங்கப் புகை படிஞ்சு கெடக்கே, வருசத்துக்கொரு வெள்ளையாச்சும் அடிப்பீங்களா"ன்னு சந்தையில நான் லச்சுமாயிய ஏசிப்புட்டேன். அது, "உங்க வீட்டுலருந்து வரையில கூரையில ஒழுகிக்கிட்டுத்தானே வந்துச்சு, நாங்கதான் ஓடு மாத்துனோம்"னுச்சு. வாயி ரொம்ப நீளம் அந்தப் பொம்பளைக்கு.

அக்கா மட்டும் ஒரு தடவ கூட அங்க போகல. காலையில சோறாக்கும், தூக்குல போட்டு அனுப்பும், பெறகு பள்ளிக்கூடம் இருந்த எடத்துல போயி நிக்கும். சுவரு நின்ன எடம் கோடு கோடாத் தெரியும்ல, அந்தக் கோட்ட மிதிக்காம, வாசல் இருந்த எடத்து வழியா உள்ள போயி, மூணாப்பு இருந்த பக்கமா உக்காந்துக்கிரும். நான் போயி, "யக்கா, வா, வெயிலு"ம்பேன். "வாரேன்டி"ங்கும். வராது. நானும் பக்கத்துல உக்காந்துக்கிருவேன்.

ஆடி பொறக்கப் போகுதுன்னதும் ஊரு கூடிப் பேசுச்சு. ஆடிக்குப் பொண்ண அழைச்சுக்கிட்டு வரணும், அது மொறை. அழைச்சுக்கிட்டு வந்தா திருப்பி அனுப்ப வேணாம், அது போசு அண்ணன் யோசனை. "வந்த பொண்ண அனுப்பாம வச்சுக்கிட்டா யாரு என்ன பண்ணுவா? நம்ம பிள்ளைக எத்தன நாளைக்குக் கண்மாக்கரையில நடக்கும், மழை பேஞ்சா என்ன ஆகும்?"னாரு. நியாயந்தான். ஆனா அழைக்கிறதுக்குப் பெத்தவ போகணும். எல்லாரும் அக்காவப் பாத்தோம். அக்கா எந்திரிச்சு, பொடவைய மாத்திக்கிட்டு வந்துச்சு.

தட்டோட அக்கா முன்னால நடக்க, பின்னால பள்ளிக்கூடம் கண்மாக்கரையில வந்துச்சு. ஊருக்குள்ள வந்து பழைய எடத்துல உக்காரப் பாத்தா எடம் பத்தல, தாழ்வாரம் நீண்டுபோயி, ஒடம்பு போட்டிருந்துச்சு. ஒரு வேலிய வெட்டி எடம் பண்ணிக் கொடுத்தோம். அந்த மாசம் பூரா அக்கா அங்கயேதான். கதவு நெலைக்கு நல்லெண்ண தேச்சு விடும், தரைய மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவும், பிள்ளைக போன பெறகு மூணாப்புல துண்ட விரிச்சுப் படுத்துக்கிரும். ஒரு நா காலையில சட்டிய எறக்குனவ, "ஸ்ஸ்"னு கைய ஒதறுச்சு. நானும் அவளும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அன்னைக்கு நான் போசு அண்ணன்கிட்டப் போயி, "எந்தக் கயித்தக் கட்டியாச்சும் பள்ளிக்கூடத்த இங்கனயே வச்சுக்கங்க, அவ பொழச்சுக்கிருவா"ன்னு கெஞ்சுனேன். மனசறிஞ்சு சொல்றேன், நாவல்வலசைப் பிள்ளைகள நான் அப்ப நெனைக்கவேயில்ல.

ஆடியில மாப்பிள்ள வீட்டார் வாசப்படி மிதிக்கக்கூடாது. அதனால அந்தப் பிள்ளைக கண்மாக்கரை மேல வரிசையா உக்காந்துக்கிட்டு, சிலேட்ட மடியில வச்சுக்கிட்டு, இங்க பாத்துக்கிட்டே இருந்துச்சுக. ஜெசிந்தா டீச்சரு வாசல்ல நின்னு, ரெண்டு பக்கமும் கேக்குற மாதிரி தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்துனாங்க. இங்க ஒம்பது பிள்ளைக சொன்னத அங்க கரை முழுக்கத் திருப்பிச் சொல்லும். ஆடி முடியுறதுக்குள்ள டீச்சருக்குக் கொரலு போயிருச்சு.

ஆவணி மொத நாளு சம்மந்திக வந்துட்டாங்க. பெரியகருப்பு, லச்சுமாயி, பின்னால செம்மண்ணுத் தலையோட பிள்ளைக. இங்க போசு அண்ணன் பள்ளிக்கூடத்த வேப்ப மரத்தோடயும் கரண்டுக் கம்பத்தோடயும் சேத்து வடக்கயித்தால கட்டிப்புட்டாரு. பள்ளிக்கூடம் அசைய முடியாம நின்னுச்சு. கயிறு மட்டும் இழுபட்டு முறுக்கி நிக்குது, ஓடு ஒண்ணு ரெண்டு கீழ விழுகுது. ஊரு பூரா வாசல்ல. லச்சுமாயி சண்டைக்கு வந்தவ மாதிரி இல்ல, மெதுவாத்தான் கேட்டுச்சு.

"சம்மந்தி, உங்க மக அங்க எந்தக் கொறையும் இல்லாமத்தான் இருக்கு. அனுப்பி வைங்க."

போசு அண்ணன், "சேதுராக்கு, நீ தலைவி. அனுப்ப முடியாதுன்னு உன் வாயால ஒரு வார்த்த சொல்லிரு, மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்"னாரு. நான் அக்கா கையப் பிடிச்சு அமுக்குனேன். சொல்லிருக்கா, சொல்லிருன்னு.

அக்கா வாசப்படியில நின்னுக்கிட்டு இருந்துச்சு. லச்சுமாயியப் பாத்துச்சு. பின்னால நிக்கிற பிள்ளைகளப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. பெறகு ஏதோ அரிசி வெலை சொல்ற மாதிரி, சாதாரணமாச் சொல்லுச்சு.

"எம் மக செத்துப்போச்சு."

என் கையிலருந்து அவ கைய உருவிக்கிட்டா.

"எம் மக நிலவரசி செத்துப்போச்சு, மூணாப்பு படிக்கையில, காய்ச்சல் வந்து. இது அவ இல்ல. இது பள்ளிக்கூடம். பிள்ளைக எங்க கெடக்குதோ அங்க கெடக்கட்டும். கயித்த அவுங்க."

ஒருத்தரும் நகரல. அக்காவே எறங்கி, கம்பத்துக் கயித்த அவுத்துச்சு, மரத்துக் கயித்த அவுத்துச்சு. பள்ளிக்கூடம் எந்திரிச்சுச்சு. கண்மாக்கரையில ஏறி, பிள்ளைக முன்னயும் பின்னயும் ஓட, நாவல்வலசைக்குப் போச்சு. திரும்பிப் பாக்கல. அதுக்குப் பெறகு தலைதீவாளிக்கும் வரல, பொங்கலுக்கும் வரல. அது யாருக்கும் மக இல்லல்ல, எதுக்கு வரணும்?

அக்கா அங்கனயே, வெறும் தரையில உக்காந்துச்சு. முந்தானையப் பிரிச்சுத் தலையில போட்டுக்கிட்டு, "ஏ எம் பெத்த மவளே"ன்னு ஒரு கொரலு எடுத்துச்சு பாருங்க, கண்மாய்க்கு அந்தாண்ட வரைக்கும் கேட்டிருக்கும். நான் ஓடிப்போயி அவ கழுத்தக் கட்டிக்கிட்டேன். எனக்குப் பின்னால ஒருத்தி, அவளுக்குப் பின்னால ஒருத்தி, கூத்தனேந்தல் பொம்பளைக அம்புட்டுப் பேரும் வந்து வட்டமா உக்காந்து, ரெண்டு வருசமா வாயில அமுக்கி வச்சிருந்த மாராப்ப எடுத்துட்டு, பேரு சொல்லி, நெஞ்சுல அடிச்சு அழுதோம். லச்சுமாயியும் திரும்பி வந்து வட்டத்துல உக்காந்துச்சு. ஆம்பளைக துண்டத் தோள்லருந்து எடுத்துட்டு ஓரமா நின்னாங்க. போசு அண்ணன் திருப்பூருக்குப் போன் போட்டு, "ஏப்பா, கெளம்பி வா, மக எறந்துருச்சு"ன்னு சொல்லிட்டு, போன எங்கிட்ட நீட்டுனாரு.

அன்னைக்கு எங்க ஊருல யாரு வீட்டுலயும் அடுப்புப் பத்த வைக்கல.